காலாவதி அக்கா

சர்க்கரையை டப்பாவில் கொட்டி மூடியானதும் அக்கா பேனாவைத் தேடுகிறார். வெள்ளை பிளாஸ்திரியை ஒரு விரல் நீளத்துக்குக் கிழித்து, டப்பாவின் வயிற்றில் ஒட்டி, இரண்டு தேதிகள் எழுதுகிறார். ஒன்று திறந்த தேதி, இன்னொன்று தீர வேண்டிய தேதி. உப்புக்கும் உண்டு. பல் துலக்கும் பிரஷ்ஷுக்கும் உண்டு. ஃபிரிட்ஜுக்குள் அரை எலுமிச்சம்பழம் ஒன்று, தான் நேற்றுக் காலை ஆறு நாற்பதுக்கு வெட்டப்பட்டதாக வாக்குமூலம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

"என் நெத்தியிலயும் ஒண்ணு ஒட்டிரு, வேலை முடிஞ்சுது" என்கிறார் கணவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இப்போது மனைவியைச் சீண்டுவதுதான் முழுநேரப் பணி.

"உங்க தேதி எப்பவோ முடிஞ்சு போச்சு. முடிஞ்சாலும் ஒரு வருஷம் எடுத்து வச்சிருக்கணும்னு ரூல் இருக்கு. அதுலதான் ஓடிட்டிருக்கீங்க."

அந்த ரூல் அக்காவின் சொந்தச் சரக்கில்லை. ஊருக்கு வெளியே இருக்கும் மருந்து கம்பெனியில், மாதிரி அறை அவர் பொறுப்பு. அங்கே ஒவ்வொரு முறை மாத்திரை தயாரிக்கும்போதும் அதில் சில அட்டைகளை எடுத்து அந்த அறையில் அடுக்கிவிடுவார்கள். காலாவதித் தேதி போய் ஒரு வருடம் வரை அவை அங்கேயே இருக்க வேண்டும். எங்கிருந்தாவது யாராவது "உங்கள் மருந்து சரியில்லை" என்று எழுதினால் எடுத்துத் திறந்து பார்க்க. எழுதாவிட்டால் சும்மா கிடக்கும். சும்மா கிடப்பதை அக்கா பத்தொன்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு காவல் காக்கிறார்.

ஆபீசில் அவர் பெயர் 'காலாவதி அக்கா'. புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்கள், மற்றவர்கள் ஏதோ நீட்டி முழக்குகிறார்கள் என்று எண்ணி, மரியாதையாகக் 'கலாவதி மேடம்' என்பார்கள். அக்கா இரண்டுக்கும் திரும்பிப் பார்ப்பார்.

அறையின் சூடு இருபத்தைந்து டிகிரியைத் தாண்டக்கூடாது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும்போது அக்கா ஸ்வெட்டருக்குள் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார். காலை ஒன்பதுக்கும் மாலை நாலுக்கும் வெப்பமானியைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவார். வாசலில் நின்று யாராவது பேச்சுக் கொடுத்தால், "கதவச் சாத்திட்டுப் பேசுங்க, காத்து உள்ள வருது" என்பார். அந்தப் பக்கம் நின்று சாத்தினால் இன்னும் உத்தமம் என்பது குறிப்பு.

மாத்திரைகளைப் பற்றி அவர் பேசுவது உறவுக்காரர்களைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். காய்ச்சல் மாத்திரை சாது. சத்து மாத்திரைக்குச் சீக்கிரம் முகம் கறுத்துவிடும். இதய நோயாளிகளுக்கு ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுக்கும் சின்ன வெள்ளை மாத்திரைதான் ரோஷக்காரி. "ஈரக்காத்து லேசா பட்டாலும் கோவிச்சுக்கும். அப்புறம் புளிச்ச வாடைதான்."

அந்த ரோஷக்காரியைப் பற்றித்தான் மழைக்காலத்தில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓர் அரசு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிறவர். மாத்திரை பொடிகிறது, வினிகர் வாடை அடிக்கிறது என்று எழுதியிருந்தார். அரசு ஆஸ்பத்திரிகளில் இலவசமாகக் கொடுக்கும் மாத்திரை அது. கம்பெனியின் மூன்று ஷிப்டில் ஒன்று அந்த ஆர்டரால் ஓடுகிறது. வாசலில் டீக்கடை போட்டிருப்பவர், பெட்டி செய்து கொடுப்பவர், வேன் ஓட்டுபவர் என்று அந்த ஷிப்டை நம்பி உலை வைக்கிற வீடுகள் நிறைய.

தரப்பிரிவு மேலாளர் அறைக்கு வந்தார். நல்ல பையன், அக்காவைவிட இருபது வயது சின்னவர். அதே பேட்ச்சின் பெட்டியை அக்கா இறக்கினார். நாலு அட்டையை வெட்டினார்கள். இரண்டில் வாடை அடித்தது.

மேலாளர் மெதுவாகக் கேட்டார். "இந்த ரூம்ல ஏசி எப்பவாவது ரெண்டு நாள் நின்னு போச்சாக்கா? அப்படி இருந்தா, நம்ம சாம்பிள் கெட்டதுக்கு அது காரணம்னு சொல்லலாம். ஆஸ்பத்திரியில இருக்கறது கெட்டதுக்கு அவங்க கோடவுன் காரணமா இருக்கலாம்."

பொய் சொல்லச் சொல்லவில்லை அவர். அப்படி ஒன்று நடந்திருக்கக் கூடாதா என்று ஏங்கினார், அவ்வளவுதான். ஆனால் அக்காவின் காதில் விழுந்தது ஒன்றே ஒன்று: தன் அறையைக் குறை சொல்கிறார்கள். பதிவேடுகளை ஒவ்வொன்றாக மேசையில் போட்டார்.

"புரட்டிப் பாருங்க சார். கரண்ட் போன அன்னிக்கு ஜெனரேட்டர் ஏழு நிமிஷம் லேட்டு. அதையும் எழுதியிருக்கேன். இருபத்தஞ்சு தாண்டுச்சுன்னு ஒரு வரி காமிங்க, நாளையிலேருந்து நான் வரல."

மேலாளர் புரட்டவில்லை. பெட்டியின் மேல் ஒட்டியிருந்த பேக்கிங் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காவும் அப்போதுதான் பார்த்தார். அறையின் மேல் தப்பில்லை என்றால், அட்டையை ஒட்டிய மெஷின் மேல்தான் தப்பு. மூன்றாம் மெஷின். அதை ஓட்டியவர் என்று சீட்டில் இருந்த கையெழுத்து அக்காவின் மாப்பிள்ளையுடையது.

அந்தக் குளிரிலும் அக்கா ஸ்வெட்டரைக் கழற்றினார்.

"யோசிச்சுச் சொல்லுங்கக்கா. அவசரமில்ல" என்றார் மேலாளர்.

அக்கா வெட்டிய அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புளிச்ச மாத்திரைய முழுங்கிட்டு, மருந்து சாப்பிட்டாச்சுன்னு நம்பி ஒருத்தர் படுப்பாரு சார்" என்றார். பிறகு உட்கார்ந்து, நாலில் இரண்டு கெட்டது, அறையின் சூடு சரியாக இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பேட்ச் முழுவதையும் நாற்பது ஆஸ்பத்திரிகளிலிருந்து திரும்ப வாங்கினார்கள். மூன்றாம் மெஷின் பதினோரு நாள் நின்றது. டீக்கடைக்காரர் தினமும் "மெஷின் ஓடுதாக்கா?" என்று கேட்டார். மாப்பிள்ளையைப் பெட்டி ஏற்றும் வேலைக்கு மாற்றினார்கள். மகள் போனில் அழுதாள்.

"நீ பேசாம இருந்திருக்கலாம்லம்மா?"

"நான் எங்க பேசினேன்? எழுதினேன்."

மகள் போனை வைத்துவிட்டாள். கணவர் அன்று ஒருநாள் சீண்டாமல் இருந்தார்.

மெஷினைப் பிரித்தபோது விஷயம் தெரிந்தது. அட்டையை அழுத்தி ஒட்டுகிற ரோலரின் வரிகள் தேய்ந்திருந்தன; ஒட்டு பிடிக்காத இடத்தில் ஈரக்காற்று உள்ளே போயிருக்கிறது. மாப்பிள்ளை அதை முன்பே கவனித்து மெக்கானிக்கிடம் சொல்லியிருந்தார். வாயால் சொன்னார், எழுதவில்லை. எலுமிச்சம்பழத்துக்கே எழுத்து கேட்கிற வீட்டில் பெண் எடுத்தவர் அப்படி ஒரு பிழை செய்தார் என்பதை அக்காவால் நம்பவே முடியவில்லை.

புது ரோலர் வந்தது. மணிக்கொரு முறை அட்டைகளை நீலத் தண்ணீரில் அமுக்கிக் கசிகிறதா என்று பார்க்கும் சோதனையும் வந்தது. மாப்பிள்ளை மெஷினுக்குத் திரும்பினார். அந்த ஆஸ்பத்திரியிலிருந்து, புதிதாக வந்தவை நன்றாக இருக்கின்றன என்று இரண்டு வரி வந்தது. ஆர்டரும் நிலைத்தது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மகளும் மாப்பிள்ளையும் வந்தார்கள். "வாங்க மாப்பிள்ளை" என்று அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டார். கணவர் செய்தித்தாளின் விளம்பரப் பக்கத்தைக் கூட விடாமல் படித்தார்.

"இப்பெல்லாம் மணிக்கு மணி எழுதிடறேன் அத்தை" என்றார் மாப்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு.

"பேனாலதானே? பென்சில் செல்லாது."

மகள் முறைத்தாள். மாப்பிள்ளைக்கு லேசாகச் சிரிப்பு வந்தது. அக்கா எழுந்து உள்ளே போனார். படுக்கையறையிலிருந்த மேசை மின்விசிறியைத் தூக்கிவந்து மாப்பிள்ளைக்கு நேராக வைத்தார். அது சுழன்று எல்லோருக்குமாகக் காற்றைப் பங்கு போட ஆரம்பித்தது. கணவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி மார்பைக் காட்டி, தன் முறைக்காகக் காத்திருந்தார். அக்கா குனிந்து, மின்விசிறியின் தலையிலிருந்த குமிழை மேலே இழுத்துவிட்டார். அது மாப்பிள்ளையைப் பார்த்தபடி அப்படியே நின்று வீசியது.