பினய்தாவின் குடல்வால்

நுண்ணோக்கியில் கண்ணாடித் தகட்டை வைத்ததும் பினய் ஹாஜ்ரா முதலில் நோயாளியின் சதையைப் பார்ப்பதில்லை. தன் குடல்வாலைத்தான் பார்ப்பார். அது பழுப்பேறியிருப்பதைக் கண்டு தலையை ஆட்டிக்கொண்ட பிறகே, "வாங்க டாக்டர் தீதி, இனிமே மத்தவங்களப் பாக்கலாம்" என்று எனக்கு இடம் விடுவார்.

கொல்கத்தாவில் நான் வேலை பார்க்கும் பரிசோதனைக்கூடத்தின் மூத்த டெக்னீஷியன் அவர். எல்லோருக்கும் பினய்தா, அதாவது பினய் அண்ணன். நான் அவருக்குத் தீதி, அக்கா. தசைச் செல்களுக்குள் டெஸ்மின் என்றொரு புரதம் உண்டு. செல்லை உள்ளிருந்து தாங்கும் இழை. ஒரு கட்டி தசையில் பிறந்ததா, வேறெங்காவது பிறந்ததா என்று குழம்பும்போது, டெஸ்மினை மட்டும் தேடிப் பிடிக்கும் ஆன்டிபாடியை அதன் சீவல் மேல் விடுவோம். பிடித்த இடம் பழுப்பாகும். ஒன்றுமே பழுப்பாகாவிட்டால் கட்டியில் டெஸ்மின் இல்லாமலிருக்கலாம், ஆன்டிபாடியே வேலைசெய்யாமலும் இருக்கலாம். அதனால் டெஸ்மின் நிச்சயமாக இருக்கும் வேறொரு சதையின் சீவலையும் அதே தகட்டில் சாட்சிக்கு ஒட்டிவைப்பது வழக்கம். குடல்வாலின் சுவரில் நல்ல தசை உண்டு. பல வருடங்களுக்கு முன் தன்னுடையது வீங்கி வெட்டியெடுக்கப்பட்டபோது, பினய்தா அதை மெழுகுக் கட்டியில் பதித்து, சீவிச் சீவி ஒட்ட ஆரம்பித்தார்.

"நான் பொய் சொன்னாலும் சொல்லுவேன் தீதி. அது சொல்லாது" என்பார். மறு அபிப்பிராயத்துக்காகச் சில தகடுகள் வெளியூர் போவதுண்டு. மகள் கல்யாணத்தில் சம்பந்தியிடம், "நான் கரக்பூர் தாண்டினதில்ல. ஆனா என் உடம்புல ஒரு பாகம் டெல்லி வரைக்கும் போயிருக்கு" என்று சொல்லி, அந்த மனிதரை ரசகுல்லாவைக் கீழே வைக்கச் செய்துவிட்டார்.

மெழுகுக் கட்டி தேயத் தேய, அவருக்கு ஊரார் வயிற்றின் மேல் அக்கறை பிறந்தது. எங்கள் ஊரில் வயிற்றுவலிக்குப் பஞ்சமா? மதியம் எண்ணெய்ப் பலகாரம் தின்றுவிட்டு மாலையில் வயிற்றைத் தடவாதவர் யார்? கணக்குப்பிள்ளை தீபங்கர் ஏப்பம் விட்டால் போதும், பினய்தா பக்கத்தில் நிற்பார்.

"வலது பக்கமா, இடது பக்கமா?"

"வாயு, தாதா."

"வாயுன்னு நீயே எப்படிச் சொல்ற? ஒரு ஸ்கேன் எடுத்துப் பாரேன்."

"என் வயித்துமேல கண்ணு வெக்காதீங்க தாதா. சோறு எறங்க மாட்டேங்குது."

தீபங்கர் அதன்பிறகு மாடிக்குப் போய்ச் சாப்பிட ஆரம்பித்தார்.

இதில் வேடிக்கை, வயிற்றில் நிஜமாகவே கோளாறு உள்ளவர் பினய்தாதான். பித்தப்பை நிறையக் கல். வலி வந்தால் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி நிற்பார். வலி நின்றதும் மீன் வறுவலை விசாரிப்பார். அண்ணி முறையில் நாங்கள் ருணு பௌதி என்று கூப்பிடும் அவர் மனைவி எனக்கு அடிக்கடி போன் செய்வாள். "ஆபரேஷன்னா குழந்த மாதிரி அழறாரு தீதி. நீங்க சொன்னாலாவது கேப்பாரா பாருங்க." நான் சொன்னேன். "ஒரு தடவ எழுந்துட்டேன். ரெண்டாவது தடவ மயக்க மருந்து குடுத்தா எழுந்திருக்க மாட்டேன்னு மனசுல படுது" என்றார். விளையாட்டாகச் சொல்லவில்லை. முகம் வெளிறியிருந்தது.

போன மாதம் பாங்குடாவிலிருந்து ஒரு சிறு பெண்ணின் சதை வந்தது. கண்ணுக்குக் கீழே வேகமாக வளர்ந்த கட்டி. தசையில் பிறந்த புற்றாக இருந்தால் சிகிச்சை ஒரு வழி. இல்லையென்றால் வேறு வழி. தப்பான வழியில் போனால் குழந்தை தாங்காது. அவள் அப்பா வராந்தா பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். குடல்வால் அநேகமாகத் தீர்ந்துவிட்டதால், கம்பெனியிலிருந்து விலைக்கு வாங்கிய மனிதச் சதையைச் சாட்சிக்கு ஒட்டியிருந்தோம். தகடு வந்தது. கட்டியும் வெளுப்பு, சாட்சியும் வெளுப்பு. இந்தத் தகட்டை வைத்து எதையும் சொல்ல முடியாது.

பினய்தா தன் அலமாரியைத் திறந்து ஒரு தகட்டை எடுத்தார். அதன் ஓரத்தில் ஒரு சீவல் ஒட்டியிருந்தது.

"ரிட்டையர் ஆகறப்ப வீட்டுக்கு எடுத்துட்டுப் போலாம்னு வெச்சிருந்தேன்" என்றார். "கடைசி."

அதன் பக்கத்திலேயே குழந்தையின் சதையைச் சீவி ஒட்டினார். ஆன்டிபாடியைப் புதிதாகக் கலந்தார். மாலையில் பார்த்தோம். குடல்வால் பழுப்பு. கட்டியின் செல்களும் பழுப்பு, வாரியிறைத்ததுபோல. தசையில் பிறந்ததுதான். அன்றே மருந்து தொடங்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அந்த அப்பாவுக்கு டெஸ்மின் என்றால் என்னவென்று புரியவில்லை. மருந்து இருக்கிறது என்பது புரிந்தது.

"நேத்துக் கலந்த ஆன்டிபாடிலதான் கோளாறு போல. வாங்கின சதை மேல தப்பில்ல பினய்தா. இனிமே அதையே வெச்சுக்கலாம்" என்றேன்.

"யாரு எவருன்னே தெரியாத ஒரு வயித்த நம்பி, நாளைக்கு இன்னொரு குழந்தைக்கு ரிப்போர்ட் குடுப்பீங்களா?" என்றார். பிறகு வெகுநேரம் கை கழுவினார். "பித்தப்பைச் சுவர்லயும் தசை இருக்கில்ல, தீதி?"

இருக்கிறது என்பது அவருக்கே தெரியும்.

அடுத்த வாரம் அறுவைச் சிகிச்சை அறையின் வாசலில் தள்ளுவண்டியில் படுத்திருந்தார். பௌதி முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவர் மார்பின் மேல் அகன்ற வாய்ப் புட்டி ஒன்று. சதை கெடாமல் காக்கும் ஃபார்மலின் அதில் பாதிக்கு மேல் இருந்தது. தன் பெயரெழுதிய சீட்டைத் தன் கையாலேயே ஒட்டியிருந்தார்.

"இதெல்லாம் நாங்க பாத்துக்குவோம் ஹாஜ்ரா பாபு" என்றார் சர்ஜன் சாஹா.

"நீங்க தட்டுல போட்டுட்டு டீ குடிக்கப் போயிடுவீங்க. பித்தப்பை சீக்கிரம் கெட்டுடும். எடுத்த கையோட இதுக்குள்ள போடணும்."

வண்டி நகர்ந்தது. கதவு அருகில் அதை நிறுத்தச் சொல்லி, உள்ளே நேரம் வீணாகாமல் இருக்க, மூடியைத் தானே அரைத் திருகு தளர்த்தி, புட்டியை சாஹாவிடம் நீட்டினார்.