காப்பியடித்தவளுக்குப் பூஜ்ஜியம்

தசரா விடுமுறைக்கு முந்தைய நாள், தில்லி ஓக்லாவில் இருக்கும் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனிக்கு ஒரு வாரம் போய் வரச் சொன்னார் பிரின்சிபால். வகுப்பில் நடத்துவதற்கும் வேலையில் நடப்பதற்கும் உள்ள தொடர்பை ஆசிரியர்கள் நேரில் பார்க்க வேண்டுமாம். பன்னிரண்டாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் சயன்ஸ் நடத்துகிறேனே தவிர, அதுவரை ஒரு கம்பெனிக்குள்ளும் கால் வைத்ததில்லை. சந்தோஷமாகப் போயிருக்க வேண்டியவள். ஆனால் என் வகுப்புப் பெண்கள் இருவர் என் நிம்மதியைக் கெடுத்திருந்தார்கள்.

ஒரே பெஞ்சில் உட்காருகிற இருவரும் கொடுத்த பிராஜெக்ட் அச்சு அசலாக ஒன்று. எழுதியவள் வகுப்பில் முதல் மாணவி. மற்றவள் தானாகவே வந்து, "அவளோடதைப் பாத்துத்தான் போட்டேன் மேம்" என்று அழுதுவிட்டாள். காப்பியடித்தால் பூஜ்ஜியம் என்பது நானே போட்ட சட்டம். போட்டால் அவள் செய்முறைத் தேர்வில் தேறமாட்டாள், ஒரு வருடம் போய்விடும். விடுமுறை முடிந்ததும் மார்க் கொடுக்க வேண்டும். முடிவு என் தலையில்.

கம்பெனியில் யார் மேலதிகாரி, யார் புதிதாகச் சேர்ந்தவர் என்றே எனக்குப் பிடிபடவில்லை. எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். குழுவின் லீடர் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த ஒரு தமிழ்ப்பெண். என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும். தன் ஆட்களுக்குப் பின்னால் எனக்கொரு நாற்காலி போட்டுக் கொடுத்தாள். நான் நடத்தும் பாடங்களில் எது இங்கே நடக்கிறது என்று கழுத்து வலிக்கத் தேடினேன். ஒன்றுமே தெரியவில்லை.

தெரிந்த ஒன்றே ஒன்று, காப்பியடிப்பது. ஒருவன் அடுத்தவன் எழுதியதைத் திறந்து ஒரு பெரிய துண்டை அப்படியே எடுத்துத் தன்னுடையதில் ஒட்டினான். இன்னொருத்தி ஏஐயிடம் கேட்டு வாங்கினாள். பிறகு இருவர் தலையோடு தலை சேர்த்துக் கிசுகிசுக்க ஆரம்பித்தார்கள். அவ்வளவுதான், எத்தனையோ பரீட்சை ஹால்களைக் காத்த உடம்பு தானாக எழுந்துவிட்டது.

"நோ டாக்கிங்! அவங்கவங்க வேலையை அவங்கவங்க பாருங்க!"

ஒருவன் உண்மையிலேயே கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். பிறகு ஒரே சிரிப்பு. எனக்கு மானம் போயிற்று.

"அரே மேம், இது காப்பி இல்ல" என்றாள் லீடர். "ஆல்ரெடி இருக்கிறத மறுபடி உக்காந்து எழுதினாத்தான் நான் திட்டுவேன்."

"அப்ப யார் எழுதினதுன்னு கேக்கவே மாட்டீங்களா?"

"அது எதுக்கு? ஷாம் கோ ரிவ்யூ இருக்கு, பாருங்க."

சாயங்காலம் பார்த்தேன். ஒவ்வொருவருடைய புரோகிராமையும் சுவரில் பெரிதாகக் காட்டி, இந்த வரி எதற்கு, எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று மற்றவர்கள் குடைந்தார்கள். பதில் சொன்னவர் தப்பித்தார். திணறியவரைத் திரும்பச் செய்யச் சொன்னார்கள். எங்கிருந்து எடுத்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

மெட்ரோவில் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அப்படியென்றால் இத்தனை வருடம் நான் யாரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்? பரீட்சை வேறு, ஆபீஸ் வேறு என்றும் தோன்றியது. பரீட்சைக்குத்தானே எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்? இப்படி எனக்குள்ளேயே சண்டை போட்டுக்கொண்டிருந்ததில் நான் இறங்க வேண்டிய மயூர் விஹாரைத் தாண்டிப் போய்விட்டேன்.

பள்ளி திறந்ததும் இருவரையும் லேபில் உட்காரவைத்து ஓக்லாக்காரர்கள் மாதிரியே குடைந்தேன். காப்பியடித்தவள் பயந்துகொண்டே ஒவ்வொரு வரியாக விளக்கினாள். ஓரிடத்தில் நிறுத்தி, "இங்க யாராவது பேர் போடாம விட்டா புரோகிராம் நின்னுடும் மேம்" என்றாள்.

"தெரிஞ்சும் ஏன் சரிபண்ணல?"

"மாத்தினா, காப்பியடிச்சதை மறைக்கப் பாக்கறேன்னு நெனைப்பீங்கன்னு விட்டுட்டேன்."

முதல் மாணவி பக்கம் திரும்பினேன். பாதி வரிகளுக்கு அவளிடம் பதிலே இல்லை. கடைசியில், "டியூஷன் ஸார் போட்டுக் கொடுத்தது மேம்" என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

பூஜ்ஜியம் யாருக்கும் போடவில்லை. விளக்கிச் சொன்னதற்கு மார்க் போட்டேன். காப்பியடித்தவள் நன்றாகவே தேறினாள். முதல் மாணவி தேறினாள், அவ்வளவுதான்.

மறுநாளே முதல் மாணவியின் அம்மா வந்துவிட்டார். "காப்பியடிச்சவளுக்கு அதிகம், குடுத்தவளுக்குக் கம்மியா? சட்டம் போட்டதே நீங்கதானே மேம்? இது எந்த ஊர் நியாயம்?"

ஓக்லா நியாயம் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அது நியாயம்தானா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை.