பத்தொன்பது நிமிடம் எட்டு வினாடி

இதை நம்பித்தான் ஆக வேண்டும் என்று யாரையும் கட்டாயப்படுத்தப் போவதில்லை. ஆனால் நடந்தது. நடந்தது ஒரு பெண்ணுக்கு; அவள் பொய் சொல்லிப் பழகாதவள். அவள் பார்க்கும் வேலை அப்படி. காதில் விழுந்ததை விழுந்தபடி எழுத வேண்டும். கூட்டவும் கூடாது, குறைக்கவும் கூடாது. இதில் இருட்டு, இடி, மின்னல் எதுவும் கிடையாது. எல்லாமே பட்டப்பகலில், விளக்கு எரியும் ஓர் அறையில் நடந்தது.

படம் ஓடும்போது திரையின் அடியில் வசனம் ஓடுமே, காது கேளாதவர்களுக்காக அதை எழுதுவதுதான் அவள் வேலை. பேச்சை மட்டும் எழுதினால் போதாது. கதவு தட்டினால் [கதவு தட்டும் ஓசை]. தூரத்தில் குழந்தை அழுதால் [குழந்தை அழுகிறது]. எத்தனாவது நிமிடம், எத்தனாவது வினாடி என்பதும் சேர வேண்டும். புரியாத இடத்தை மூன்று முறை கேட்க வேண்டும். அப்படியும் புரியாவிட்டால்தான் [தெளிவில்லை] என்று போடலாம். அது அந்த அலுவலகத்தின் சட்டம். அவள் பத்து முறைகூடக் கேட்பாள். அதனால் அங்கே அவளுக்குப் பெயரே ‘காது’.

அவளுடைய அம்மாவுக்குக் கடைசி சில வருடம் காது சுத்தமாகப் போய்விட்டது. டிவி முன்னால் எல்லோரும் சிரித்தால், அவர்கள் முகத்தைப் பார்த்து அம்மாவும் சிரிப்பாள். ஒரு நொடி பிந்திச் சிரிப்பாள். அந்த ஒரு நொடியைப் பார்த்துப் பார்த்துத்தான் காது இந்த வேலைக்கு வந்தாள்.

பிழைக்க மாட்டார்கள் என்று தெரிந்த நோயாளிகளைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்று இருந்தது. அங்கே இருப்பவர்கள் வீட்டாருக்குச் சொல்ல நினைப்பதை நர்ஸ் ஒருவர் வீடியோ எடுத்து வைப்பார். ஒரு செவ்வாய்க்கிழமை அப்படி ஆறு வீடியோக்கள் வந்தன. ஆறாவது, ஒரு பஸ் டிரைவருடையது. பிறவியிலேயே காது கேளாத தன் மகளுக்காகப் பேசியிருந்தார். அவர் இறந்து இரண்டு நாள் ஆகிறது என்று கூடவே ஒரு குறிப்பு இருந்தது.

மொத்தம் 22 நிமிடம் 40 வினாடி. கட்டிலில் சாய்ந்திருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி கட்டியிருந்தது. இரண்டு கையும் போர்வைமேல் அப்படியே கிடந்தன. ஆனால் குரல்... அந்த உடம்புக்குப் பொருந்தாத குரல். கணீரென்று இருந்தது. மழைக்காலத்தில் மாடிக் கதவு உப்பிக்கொள்ளும், தோளால் இடித்துத் திற என்றார். சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் போடச் சொன்னார். “உனக்கு ஹாரன் கேக்காதுன்னு, நம்ம வீட்டைத் தாண்டும்போது விளக்கை ரெண்டு தரம் போடுவேனே, ஞாபகம் இருக்கா?” என்று கேட்டுச் சிரித்தார்.

எதிர் மேசை அண்ணன் டீ டம்ளரோடு வந்து அவள் திரையை எட்டிப் பார்த்தார். எழுத்தின் அளவும் நிறமும் சரிபார்ப்பது அவர் வேலை. ஒலியோடு அவருக்குச் சம்பந்தமில்லை.

“என்ன காது, ஒலிக்கோடு இவ்வளவு தட்டையா இருக்கு? பேசறாரா, தூங்கறாரா?”

பேசினால் மலையும் பள்ளமுமாக எழ வேண்டிய கோடு அது. பலகைபோல் தட்டையாகக் கிடந்தது. ஏதோ கோளாறு என்று நினைத்து அவள் வேலையைத் தொடர்ந்தாள்.

19 நிமிடம் 8 வினாடியில் அவர் தொண்டையைச் செருமினார். ம்க்கும். பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. குரல் முணுமுணுப்பாகிவிட்டது.

ஒரு முறை கேட்டாள். புரியவில்லை. இரண்டாவது முறை கேட்டாள். மணி 5:31. அவள் பஸ் 5:40-க்கு.

மூன்றாவது முறை கேட்கவில்லை.

[தெளிவில்லை] என்று போட்டு அனுப்பிவிட்டு ஓடினாள். அவள் வாழ்நாளில் செய்த பெரிய பாவம் அதுதான் என்று இன்றும் சொல்கிறாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் அவள் அழுகை பொய்யில்லை.

மறுநாள் காலை, குழாய் பொருத்தக் கற்றுத்தரும் ஒரு வீடியோ. ஆசிரியர் மரை சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு செருமல். ம்க்கும். ஆசிரியர் வாயைத் திறக்கவே இல்லை. அவள் நேரத்தைப் பார்த்தாள்.

19:08.

வியாழக்கிழமை, பள்ளிப் பாடம் ஒன்று. அதே செருமல். அதே 19:08. ஹெட்போனை அண்ணனிடம் கொடுத்துக் கேட்கச் சொன்னாள். அவர் கேட்டுவிட்டுத் திருப்பித் தந்தார். ஒன்றுமில்லையாம். “சிலருக்குக் கேக்காததை எழுதறோம்னு பெருமைப்பட்டியே. இப்ப யாருக்குமே கேக்காததைக் கேக்க ஆரம்பிச்சுட்டே” என்று கிண்டல் செய்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்த வீடியோ பன்னிரண்டே நிமிடம். அப்பாடா என்று இருந்தது. முடிந்தது. திரை கறுத்தது. அப்படியே உட்கார்ந்து எழுதியதைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். ஹெட்போன் காதிலேயே இருந்தது. ஏழு நிமிடம் போயிருக்கும்...

ம்க்கும்.

படம் எதுவும் ஓடவில்லை.

திங்கட்கிழமை நர்ஸ் ஒரு மின்னஞ்சலை அனுப்பியிருந்தார். டிரைவரின் மகள் எழுதியது. அதில் இருந்தது இது:

“அக்கா, எனக்கு அப்பா உதட்டைப் படிக்கத் தெரியும். நீங்க எழுதினதுல ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. 19:08-ல அவர் சுவர்ப்பக்கம் திரும்பிட்டார், எனக்கு உதடு தெரியலை. நீங்க தெளிவில்லைன்னு போட்டிருக்கீங்க. வெளியூர்ல படிக்கணும்னு அவரோட சண்டை போட்டேன். அன்னைக்கு அவர் பஸ் வந்தப்ப, எப்பவும்போலக் கையாட்ட நான் ஜன்னலுக்குப் போகலை. மறுநாளே அவரை ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. ரெண்டு மாசம் பக்கத்துலயே இருந்தும் அதைப் பத்திக் கேக்கத் தைரியம் வரலை. தயவுசெய்து இன்னொரு தடவை கேட்டுப் பாருங்க. என்னைத் திட்டியிருந்தாலும் பரவாயில்லை. அப்படியே எழுதிடுங்க.”

காது அந்த வீடியோவைத் திறந்தாள். நேராக 19:08-க்குப் போனாள்.

செருமல் இல்லை. முணுமுணுப்பும் இல்லை. மின்விசிறி இரைச்சல் மட்டும்.

மூன்று முறை கேட்டாள். முப்பது முறை கேட்டாள். ஒன்றுமே இல்லை. அன்றைக்கு இருந்தது இன்றைக்கு இல்லை. பஸ் பிடிக்க மிச்சமிருந்த ஒன்பது நிமிடத்துக்காக அதைத் தொலைத்துவிட்டாள்.

மணி 3:10. அண்ணன் சாப்பிடப் போயிருந்தார். அறையில் அவள் மட்டும்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஹெட்போன் வயரைக் கம்ப்யூட்டரிலிருந்து உருவினாள். உருவிய முனையை மடியில் போட்டுக்கொண்டு, ஹெட்போனைக் காதில் மாட்டினாள். அவளுக்குத் தெரிந்த ஒரே பிரார்த்தனையை மனதுக்குள் சொன்னாள். பிறகு வாய்விட்டுச் சொன்னாள்.

“ஐயா, அன்னைக்கு அவசரத்துல போயிட்டேன். இப்ப இருக்கேன். மெதுவா சொல்லுங்க.”

3:11.

அறை குளிர்ந்தது.

3:14.

கழுத்தருகே யாரோ மூச்சு விட்டார்கள்...

அவள் திரும்பவில்லை.

விரலை விசைப்பலகையை விட்டு எடுக்கவில்லை.

3:29. உட்கார்ந்ததிலிருந்து பத்தொன்பது நிமிடம்.

எட்டு வினாடி.

ம்க்கும்.

“அன்னைக்கும் விளக்கு போட்டேன்மா. ரெண்டு தரம். நீ ஜன்னல்ல இல்லை... திரைச்சீலைக்குப் பின்னால நின்னே. ஓரத்துல உன் விரல் தெரிஞ்சுது.”

அவள் எழுதினாள்.

“கையாட்டலைன்னா என்ன. வந்து நின்னியே. எனக்கு அது போதும்.”

எழுதினாள். திரையில் எழுத்து கலங்கித் தெரிந்தது.

“போய்ப் படி.”

அவ்வளவுதான். காதில் ஒரு சின்ன ‘டக்’. பஸ் விளக்கை அணைக்கிற சுவிட்சு மாதிரி.

அண்ணன் திரும்பி வந்தபோது அவள் மேசையில் தலை கவிழ்ந்து அழுதுகொண்டிருந்தாள். வயர் மடியில் கிடந்தது. அவர் கிண்டல் செய்யவில்லை. தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

அந்த வரிகளை அன்றே அனுப்பினாள். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. திரைச்சீலைக்குப் பின்னால் நின்றதை உலகத்தில் ஒருவரிடமும் சொன்னதில்லை என்று மகள் எழுதியிருந்தாள். கல்லூரிக்கு விண்ணப்பம் போட்டுவிட்டாளாம். கடைசியில் ஒரு கேள்வி.

“அப்பா குரல் எப்படி இருக்கும் அக்கா? நான் கேட்டதே இல்லை. நீங்க கேட்டிருக்கீங்களே.”

அந்த ஒரு கேள்விக்குப் பதில் எழுதக் காதுக்கு ஒரு மதியம் முழுக்க ஆயிற்று. எழுதி எழுதி அழித்தாள். கடைசியில் இப்படி எழுதினாள்: “கணீர்னு இருக்கும்மா. பஸ்ஸுல கடைசி சீட்டுல இருக்கிறவருக்கும் கேக்கும். உன்னைப் பத்திப் பேசறப்ப மட்டும் கொஞ்சம் இறங்கும்.”

ஒரு மாதம் கழித்து நர்ஸ் நேரில் வந்தார். வேறு வீடியோக்கள் கொண்டுவந்திருந்தார். நன்றி சொல்லிவிட்டுத் தயங்கினார்.

“அந்த டிரைவர் வீடியோவை மத்ததோட சேர்த்து அனுப்பினது என் தப்பு. அனுப்பினப்புறம்தான் தோணிச்சு, இதுல எதைக் கேட்டு எழுதுவாங்கன்னு. நல்லவேளை, நீங்க உதட்டைப் பாத்து எழுதிட்டீங்க.”

“கேட்டுத்தாங்க எழுதினேன்.”

நர்ஸ் அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

“அவருக்குக் குரல் ஏதும்மா? தொண்டையில கட்டி. வீடியோ எடுக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாலயே குரல்வளையை எடுத்துட்டாங்க. குரல் போனதைப் பொண்ணுகிட்டச் சொல்ல வேண்டாம்னுட்டார். கழுத்துல துணி பாத்திருப்பீங்களே. கையையும் தூக்க முடியலை. பொண்ணு புரிஞ்சுக்கும்னு வெறும் உதட்டைத்தான் அசைச்சார்.”

அண்ணன் எழுந்து வந்து அந்த வீடியோவை ஸ்பீக்கரில் போட்டார். மூன்று பேரும் நின்று கேட்டார்கள். முதல் வினாடியிலிருந்து 22 நிமிடம் 40 வினாடி வரை.

மின்விசிறி சத்தம் மட்டும்தான் இருந்தது.