கடல் பார்த்த அறை

மூன்றாவது முறையாகச் சட்டமன்றத்துக்கு வந்திருக்கும் ஒருவரிடம் சக உறுப்பினர்கள் எத்தனையோ கேட்கலாம். ரிசப்ஷன் அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்பார்கள். “அக்கா, சனி ஞாயிறுக்கு ரூம் கிடைக்குமா? கடல் பார்த்த மாதிரி.”

அரசியலுக்கு வருமுன் அவர் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் நின்றவர். பட்டப்பெயரும் அங்கிருந்து கூடவே வந்து ஒட்டிக்கொண்டது.

அந்த ஊரில் சீசனும் மருத்துவரும் சேர்ந்தே வருவார்கள், சேர்ந்தே போவார்கள். கடற்கரைக் குடைகளை மடித்துக் கட்டும் வாரத்திலேயே முதலுதவிக் கூடாரத்து மருத்துவரையும் மூட்டை கட்டி அனுப்பிவிடுவார்கள். குளிக்க வந்தவருக்கு வயிற்றுவலி என்றால் பார்க்க ஆள் உண்டு. அவர் படுத்த விரிப்பைத் துவைக்கிறவளுக்குப் பிரசவ வலி என்றால், மழையில் முங்கிக் கிடக்கும் சாலையில் அடுத்த நகரத்துக்கு ஓட வேண்டும். அக்காவோடு வேலை பார்த்த ஒருத்தி அப்படி ஓடியபோது வழியிலேயே செத்துப்போனாள். வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் ஒரு மருத்துவமனை வேண்டும் என்றுதான் அக்கா தேர்தலில் நின்றார். வேறு ஆசை இல்லை என்று சொன்னால் அவர் கட்சிக்காரர்களே நம்பமாட்டார்கள்.

இரண்டு ஆட்சிக் காலமும் கேள்வி கேட்டே தொண்டை வறண்டது. ‘பரிசீலனையில் உள்ளது’ என்ற பதில்தான் மிச்சம். எழுந்து பேச ஆரம்பித்தால் பின் வரிசையிலிருந்து துண்டுச் சீட்டு வரும். புள்ளிவிவரம் ஏதோ எடுத்துக் கொடுக்கிறார்களாக்கும் என்று ஆசையாகப் பிரித்தால், ‘குழந்தைக்குத் தனிக் கட்டில் போடுவாங்களா?’ என்று இருக்கும். பல்லைக் கடித்துக்கொண்டு தலையாட்டுவார்.

இந்த முறை தீர்மானமாகவே கொண்டுவந்துவிட்டார். வெள்ளிக்கிழமை மாலை ஓட்டெடுப்பு. ஒவ்வொரு இருக்கையாகப் போய்க் கேட்டார். “உங்களுக்கு இல்லாத ஓட்டாக்கா?” என்றார்கள். அதே மூச்சில் ரூமும் கேட்டார்கள். கொதிக்கும் சீசனில், தன் பழைய ஓட்டல் மேனேஜரின் கையைக் காலைப் பிடித்து, சனிக்கிழமையிலிருந்து எல்லோருக்கும் வாங்கிக் கொடுத்தார்.

மேனேஜர் நல்ல மனுஷன். அதுதான் வினையாகப் போயிற்று. அக்காவின் விருந்தாளிகள் ஆயிற்றே என்று வெள்ளி இரவும் இலவசம் என்று எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டான்.

வெள்ளி மாலை சபாநாயகர் தீர்மானத்தை எடுத்தபோது அக்கா திரும்பிப் பார்த்தார். ஓட்டுப் போடுவதாகச் சொன்னவர்களில் ஒருவரைக்கூடக் காணோம். தீர்மானம் தோற்றது. எதிரிகள் தோற்கடித்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். இது சொந்தச் செலவில் வைத்துக்கொண்ட சூனியம்.

மறுநாள் காலை நேராக ஓட்டலுக்குப் போனார். வரவேற்பறையில் ஈரத் தலையோடு நின்ற உறுப்பினர் ஒருவர், “வாங்கக்கா! தீர்மானம் பாஸ்தானே?” என்றார். கேட்ட கையோடு, “எங்க ரூம்ல ஏசி சரியா கூலாகலை, கொஞ்சம் சொல்லுங்களேன்” என்றார்.

அக்காவுக்கு அத்தனை பேர் பெட்டியையும் வாசலில் வீசச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அடுத்த கூட்டத்தொடரிலும் இதே ஆட்களின் ஓட்டுதானே வேண்டும்? மேசைக்குப் பின்னால் போய், மேனேஜரை நகரச் சொல்லி, வேறொரு சாவியை எடுத்துக் கொடுத்தார்.

“நல்லா கேட்டுக்கோங்க. இனிமே ஓட்டு முதல்ல, சாவி அப்புறம். அடுத்த கூட்டத்துல தீர்மானத்தைத் திரும்ப வைக்கிறேன் பாருங்க.”

“செம அக்கா!” என்று அவர் சிரித்துக்கொண்டே மாடிக்குப் போனார்.

அடுக்கிய துண்டுகளை வயிற்றுக்கு மேல் தாங்கிக்கொண்டு நின்றிருந்தாள் சலவை அறைப் பெண். ஏழு மாதம்.

“அடுத்த கூட்டம் எப்பக்கா?”

“மழை முடிஞ்சதும்டீ.”

அவள் துண்டுகளை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

“எனக்கு மழையிலயே பொறந்துடுமேக்கா.”