எதிரொலிக்காரர் கேட்ட ஒரே சத்தம்

ஆய்வுக்கூடத்தில் அவருக்கு எதிரொலிக்காரர் என்று பெயர். பதினோரு வருஷமாக ஒன்றையே தேடிக்கொண்டிருந்தால் வேறென்ன பெயர் வைப்பார்கள்? பள்ளிக்கூட வாசலை மிதிக்காத அவருடைய அப்பா மட்டும், "நம்ம பய வானத்துல காது வச்சிருக்கான்" என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்வார். உண்மையில் அதுதான் வேலை.

இரண்டு கருந்துளைகள் மோதினால் விண்வெளியே நடுங்கும். அந்த நடுக்கம் பூமியிலுள்ள கருவிவரை வந்து, அடித்த மணி ஓய்வதுபோல அடங்கிவிடும். மோதியவை கருந்துளைகளே இல்லையென்றால்? அதே கனமும் இருட்டுமாக இருந்துகொண்டு, உள்ளே ஒரு பரப்பை ஒளித்துவைத்திருக்கும் விசித்திர விண்மீன்கள் இருக்கலாம் என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு. கருந்துளை அலையை விழுங்கிவிட்டு ஏப்பம்கூட விடாது. இந்த விண்மீனோ கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பும். ஓய்ந்த மணிக்குப் பின்னால் மெலிதாக இன்னொரு 'டங்'.

அந்த 'டங்' நேற்றுச் சாயங்காலம் ஒரு மோதலின் பதிவில் கிடைத்துவிட்டது. இன்று பதினொரு மணிக்குக் குழுவின் முன்னால் சொல்லப்போகிறார். காலையில் இட்லித் தட்டைக்கூட நகர்த்தாமல், சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார்.

"பாரு, சரியா பூஜ்யம் புள்ளி ரெண்டு ஒண்ணு ஏழு செகண்ட் கழிச்சுத் திரும்பி வருது."

மனைவிக்கு மருத்துவமனையில் நோயாளிகளைப் பதிவுசெய்யும் வேலை. "இருபத்தொண்ணு, ஏழு. நம்ம பாப்பா பொறந்த தேதிங்க. நாள் பூரா தேதி எழுதி எழுதி, எனக்கு எதப் பாத்தாலும் தேதியாத்தான் தெரியுது."

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது.

கணினி நிரல் ஒழுங்காகத் தேடுகிறதா என்று பார்க்க, இந்தத் தொழிலில் பொய் எதிரொலி ஒன்றைத் தாங்களே தரவில் கலந்துவைப்பார்கள். அதற்கு ஏதாவது ஓர் இடைவெளி தர வேண்டும். மூன்று வாரத்துக்கு முன் அவர் மகளின் பிறந்தநாளைத் தந்திருந்தார். எடுக்க மறந்திருந்தார்.

ஆய்வுக்கூடத்துக்கு ஓடிப்போய், கலந்ததை நீக்கிவிட்டு நிரலை ஓட்டினார். மணி ஓய்ந்த பிறகு 'டங்' எதுவும் இல்லை, மௌனம்தான். வாய் திறக்காவிட்டால் இப்போதைக்கு யாருக்கும் தெரியாது. நேரே குழுத்தலைவியின் அறைக்குப் போனார்.

"மேடம், அது நான் வச்சது. எடுக்க மறந்துட்டேன்."

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "சொந்தப் பிள்ளைய அடுத்த வீட்டுப் பிள்ளைன்னு நெனச்சுக் கொஞ்சியிருக்கீங்க."

"ஆமா மேடம்."

"எவ்வளவு மெலிசா வச்சீங்க?"

"இதுக்குமேல மெலிசா வச்சா யாருக்கும் கேக்காது."

"அதையும் பிடிச்சிருக்கீங்க. பொய்னு ஞாபகமே இல்லாம பிடிச்சிருக்கீங்க. அப்போ எதிரொலியே இல்லன்னு நீங்க சொன்னா நம்பலாம்."

பதினொரு மணிக்கு எழுந்து முதலில் தன் மறதியைச் சொன்னார். சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு, அந்த விண்மீன்கள் வேறெங்காவது இருக்கலாம், இந்த மோதலில் இவ்வளவு மெலிதான எதிரொலிகூட இல்லை என்றார்.

"நிச்சயமா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

பதினோரு வருஷத்தில் நிச்சயமாகச் சொல்ல அவரிடம் எதுவும் இருந்ததில்லை; யாரும் அப்படிக் கேட்டதுமில்லை.

"நிச்சயமா" என்றார்.