சந்தையில் கிடைத்த பெரியம்மா

ஒன்பதாவது படிக்கும்போது, ஜன்னலோர இடத்துக்காக வகுப்பில் ஒருத்தியை ஜாமெட்ரி பாக்ஸால் அடித்தேன். அவளுக்குப் புருவத்துக்கு மேல் கிழிந்து, வெள்ளைச் சட்டையெல்லாம் ரத்தமாகிவிட்டது. பெரிய டீச்சர் என்னை வெளியே அனுப்பினார்.

"ஊட்டுலருந்து பெரியவங்க யாரையாச்சும் கூட்டிட்டு வா. இல்லாட்டி டீசி வாங்கிட்டுப் போயிரு."

அப்பாவும் அம்மாவும் மிளகு பறிக்கக் கேரளாவுக்குப் போயிருந்தார்கள். நான் இருந்தது சித்தப்பா வீட்டில். வயசுக்கு வந்த பிள்ளைக்குப் படிப்பு எதற்கு என்று ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். அவரிடம் எப்படிச் சொல்வது? காலையில் பையை மாட்டிக்கொண்டு வழக்கம்போலக் கிளம்பினேன். பள்ளிக்கூடத்துக்கு இறங்குகிற சோளக்காட்டுச் சந்தையில் பஸ் நிற்கிற இடத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுச் சாயங்காலம் திரும்பினேன். மறுநாளும் அப்படியே.

அங்கே வாழைப்பழமும் அன்னாசியும் விற்ற ஒரு அம்மா என்னைக் கவனித்திருக்கிறார்.

"ஏன் கண்ணு, பள்ளிக்கூடம் போவலியா?"

லேட்டாகப் போனதற்காகத் திட்டி, வீட்டிலிருந்து ஆள் கேட்கிறார்கள் என்றேன். அம்மா ஊரில் இல்லை என்றேன். கடைசியில், "நீங்க பெரியம்மான்னு சொல்லிட்டு வந்து நின்னாப் போதுங்க" என்றும் கேட்டுவிட்டேன்.

அவர் கூடையின் மேல் சாக்கைப் போட்டு மூடி, பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு என்னோடு நடந்தார்.

பெரிய டீச்சர் அடிபட்டவளை அழைத்து வரச் சொன்னார். அவள் நெற்றியில் பெரிய கட்டு. ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அந்த அம்மா அவளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். இது என் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன்.

அவர் அவளருகில் போய் முகவாயைப் பிடித்து, "ரொம்ப வலிக்குதா சாமி?" என்றார். பிறகு பெரிய டீச்சரைப் பார்த்துக் கை கூப்பினார். "எங்க புள்ள செஞ்சது பெரிய தப்புங்க. வெளிய மட்டும் அனுப்பிராதீங்க. நான் வேணா உங்க கால்ல உழுவுறனுங்க." சொன்னபடியே குனிந்தும்விட்டார்.

"ஐயோ, இவங்க எங்க பெரியம்மா இல்லீங்க டீச்சர்!" என்று கத்தினேன். உடம்பெல்லாம் கூசியது.

பெரிய டீச்சர் அவரைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்தார். பிறகு அடிபட்டவளிடம், "நீ சொல்லும்மா. இவளை என்ன செய்யலாம்?" என்று கேட்டார்.

அவள் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எம் பக்கத்துல உக்கார வேண்டாங்க. குனிஞ்சு எழுதுனா தலை வலிக்குது. பாடத்தையெல்லாம் அவ எழுதித் தரட்டும்."

அதுதான் எனக்குக் கிடைத்த தண்டனை. டீசி தரவில்லை. தையல் பிரிக்கும் வரை அவளுக்குப் பாடம் எழுதிக் கொடுத்தேன். கட்டு மாற்ற ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவள் பையைச் சுமந்துகொண்டு பின்னாலேயே நடந்தேன். வழியில் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பேசாததில் தப்பில்லை. பத்தாவது முடியும் வரை நாங்கள் சிநேகிதிகள் ஆகவும் இல்லை.

அன்றிலிருந்து சோளக்காட்டுக்கு முந்தைய நிறுத்தத்திலேயே இறங்கி, குறுக்கு வழியில் நடந்தேன். அந்த அம்மா கண்ணில் பட்டுவிடக் கூடாது என்று ஒரே பயம்.

கேரளாவிலிருந்து அம்மா வந்ததும் பெரிய டீச்சர் அவளை வரவழைத்து எல்லாவற்றையும் சொன்னார். அம்மா என்னை அடிக்கவில்லை. ஒரு பையில் கேழ்வரகு எடுத்துக்கொண்டு, "வா, அவங்களைப் பார்த்துட்டு வரலாம்" என்றாள். வயிறு வலிக்கிறது என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் திரும்பி வந்த அம்மா, பையை மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "நல்லாப் படிக்கிறாளான்னு கேட்டாங்க."

நான் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்துக்கொண்டேன்.