சுவர்ணா விட்ட பந்து

சுவர்ணா மட்டையின் பிடியில் நாடாவைச் சுற்றிக்கொண்டிருந்தாள். லண்டனில், தோர்ண்டன் ஹீத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். கட்டுப்போட்டுப் பழகிய கைகள். ஆனாலும் மூன்றாம் முறையாகப் பிரித்துச் சுற்றினாள்.

2006 ஆகஸ்ட், ஞாயிறு பின்னேரம். பேஸ்போல் அரையிறுதியின் கடைசி இன்னிங்ஸ். ஓட்டங்கள் சமம், இரண்டு பேர் அவுட், மூன்று தளங்களிலும் ஆட்கள். அடுத்து அடிக்கப் போகிறவள் அவள். இந்த முறையும் அவுட்டானால் இறுதி ஆட்டத்தில் அவளுடைய இடம் புனிதாவுக்கு என்று அணித் தலைவர் விஜயன் காலையிலேயே சொல்லிவிட்டார். புனிதாவுக்கும் அதே இல்லத்தில்தான் வேலை.

யாழ்ப்பாணத்தில் பள்ளியில், பேஸ்போல் போலவே மட்டையால் பந்தை அடித்து ஓடும் எல்லே விளையாடிப் பேர் வாங்கியவள் சுவர்ணா. எல்லேயில் பந்து போடுகிறவர் சொந்த அணிக்காரர். அடிக்க வாகாகத்தான் போடுவார். பேஸ்போலில் போடுகிறவன் எதிராளி. இது அவள் மண்டைக்குத் தெரியும், கைகளுக்குத் தெரியாது.

முதல் பந்து காலடியில் வந்தது. வீசினாள், காற்றுத்தான். இரண்டாவது தலைக்கு மேலே. அதற்கும் வீசினாள். இன்னொன்று தவறினால் முடிந்தது.

விஜயன் ஆட்டத்தை நிறுத்தச் சொல்லி அருகே வந்தார். மலேசியாவில் பள்ளி நாளிலிருந்தே ஆடியவர். காலை ஊன்றுங்கள், இடுப்பு முதலில் திரும்பட்டும், கை பின்னால் வரட்டும் என்று மாதக்கணக்காகச் சொன்னவர் இப்போது அதில் எதையும் சொல்லவில்லை.

"அவன் உங்க ஆளு இல்லங்க. கெட்ட பந்தை விட்டுடுங்க."

அடுத்த மூன்றும் விலகிப் போயின. பல்லைக் கடித்துக்கொண்டு விட்டாள். நாலாவதும் கெட்டதானால் அவள் முதல் தளத்துக்கு நடக்கலாம்; மூன்றாம் தளத்து ஆள் உள்ளே வருவார், ஓர் ஓட்டம், வெற்றி. நல்ல பந்தை விட்டாலோ அவுட்.

பந்து நேராகத்தான் கிளம்பியது. அவளுடைய இடுப்பு திரும்பத் தொடங்கியது. பாதி வழியில் பந்து வெளியே வளைந்தது. கைகளை இழுத்து நிறுத்தினாள், தோள் சுளுக்கிக்கொண்டது. நடுவர் முதல் தளத்தைக் காட்டினார்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு இல்லத்தில், தோளில் தைலம் மணக்க, இறுதி ஆட்டம் நடக்கும் அடுத்த ஞாயிறு தன் ஷிப்டை எடுக்கும்படி புனிதாவிடமே கேட்டாள்.

"மட்டையை ஆட்டாமல் நிண்டு என்ர இடத்தை எடுத்துப்போட்டு, இப்ப உன்ர ஷிப்டும் நான் செய்யிறதோ?"

"ஓம். வேற ஆரும் இல்லை."

புனிதா அட்டவணையில் சுவர்ணாவின் பெயரை வெட்டித் தன் பெயரை எழுதினாள். பிறகு இருவருமாகப் பன்னிரண்டாம் அறைக் கிழவரைப் பக்கவாட்டில் திருப்பி விரிப்பை மாற்றினார்கள்.